டிசம்பர் 3 சவேரியார் திருநாள்: பழைய கோவாவில் வெள்ளிப் பேழை எப்போது இறக்கப்படுகிறது?

பனாஜி: கோவாவின் காவலராகப் போற்றப்படும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள் ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் தேதி பழைய கோவாவில் உள்ள பொம் ஜேசு பசிலிக்காவில் கொண்டாடப்படுகிறது. அன்று மாநிலம் முழுவதும் பொது விடுமுறை. கொங்கணி மொழியில் அவரை ‘கோயஞ்சோ சாயப்’, அதாவது கோவாவின் தலைவர் என்று மக்கள் அழைக்கின்றனர்.

வெளிமாநிலங்களிலிருந்து முதன்முறையாகச் செல்வோர் பலர், திருநாளன்று புனிதரின் உடலை அருகில் நின்று காணலாம் என்று எண்ணிப் பயணம் புறப்படுகின்றனர். ஆனால், உடல் வைக்கப்பட்டுள்ள வெள்ளிப் பேழை திருநாளன்றும் உயரமான பளிங்குக் கல்லறை மாடத்தின் மேல்தான் இருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்த்து வணங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பேழை கீழே இறக்கப்பட்டு, திருவுடல் பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்படுவது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை அது நடைபெற்றது. வழக்கம் மாறாதிருந்தால் அடுத்த காட்சி 2034இல் அமையும்.

டிசம்பர் 3 என்பது சவேரியார் மறைந்த நாள். ஸ்பெயினின் நவார் பகுதியில் 1506இல் பிறந்த அவர், இயேசு சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1541இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறி, 1542 மே 6ஆம் தேதி கோவா வந்து சேர்ந்தார். தெருக்களில் கைமணியை அடித்துச் சிறுவர்களை மறைக்கல்விக்கு அழைத்துச் சென்றார் என்பது இன்றும் அங்கு சொல்லப்படும் செய்தி. எனினும், தமது பத்து ஆண்டு ஆசிய வாழ்வில் அவர் கோவாவில் தங்கியிருந்த காலம் குறைவு. முத்துக்குளித்துறை, மலாக்கா, மலுக்குத் தீவுகள், ஜப்பான் எனத் தொடர்ந்து பயணித்தவர், சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது அந்நாட்டுக் கரையோரம் உள்ள சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்று காய்ச்சலால் இறந்தார்.

அத்தீவில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கப்பட்ட உடல், சில வாரங்களுக்குப் பின் தோண்டியெடுக்கப்பட்டபோது சிதையாமல் இருந்ததாக உடனிருந்தவர்கள் பதிவு செய்தனர். அங்கிருந்து மலாக்காவுக்கும், பின்னர் 1554 மார்ச் மாதம் கோவாவுக்கும் அது கொண்டுவரப்பட்டது. ‘அழியாத உடல்’ என்ற புகழ் அப்போதே பரவியது. அந்தப் புகழே உடலுக்குச் சேதமும் விளைவித்தது. வணங்க வந்த பெண்மணி ஒருவர் கால்விரலைக் கடித்தெடுத்துச் சென்றார் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. 1614இல் வலது முன்கை வெட்டியெடுக்கப்பட்டு ரோம் நகருக்கு அனுப்பப்பட்டது. அது இன்றும் அங்குள்ள ஜேசு ஆலயத்தில் உள்ளது. மேற்கை எலும்பின் ஒரு பகுதி மக்காவ் சென்றது. கோவாவில் இருப்பது உலர்ந்து சுருங்கிய, சில பகுதிகள் இல்லாத உடலாகும்.

1619இல் அருளாளராகவும், 1622 மார்ச் 12 அன்று இஞ்ஞாசியார், அவிலா தெரேசா உள்ளிட்டோருடன் புனிதராகவும் சவேரியார் அறிவிக்கப்பட்டார். கோவா பொற்கொல்லர்களின் கைவண்ணத்தில் உருவான வெள்ளிப் பேழை 1637இல் நிறைவுற்றது. அவரது வாழ்க்கை நிகழ்வுகளைச் சித்திரிக்கும் 32 வெள்ளித் தகடுகள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. பேழையைத் தாங்கும் பளிங்கு மாடம், தஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அளித்த கொடை. புளோரன்ஸ் சிற்பி பொஜ்ஜினி உருவாக்கிய அது, கப்பலில் வந்து 1698இல் பொருத்தப்பட்டது.

ஐயத்தில் பிறந்த வழக்கம்

திருவுடலைப் பொதுமக்களுக்குக் காட்டும் இன்றைய வழக்கம் பக்தியால் மட்டும் தோன்றியதன்று. 1759இல் போர்ச்சுகீசிய அரசு தனது ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. அவர்கள் போகும்போது சவேரியாரின் உடலை எடுத்துச் சென்றுவிட்டனர், பேழையில் இருப்பது வேறொருவரது உடல் என்ற வதந்தி கோவாவில் பரவியது. அதை மறுப்பதற்காகவே 1782 பிப்ரவரியில் பேழை திறக்கப்பட்டு, மூன்று நாள்கள் உடல் மக்களுக்குக் காட்டப்பட்டது. பத்தாண்டுக் காட்சிகளின் வரிசை அதிலிருந்தே எண்ணப்படுகிறது. 2024இல் நடந்தது 18ஆவது.

தொடக்கத்தில் இதற்குச் சீரான கால அளவு இருக்கவில்லை. இரண்டாவது காட்சி 77 ஆண்டுகள் கழித்து, 1859இல்தான் நடந்தது. 1952இல் புனிதரின் நானூறாவது நினைவாண்டையொட்டி ஒன்று நடைபெற்றது. கோவா இந்தியாவுடன் இணைந்த பின் முதல் காட்சி 1964இல் அமைந்தது. அதிலிருந்து பத்தாண்டு இடைவெளி தவறவில்லை. இப்போது உடல் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டு, பசிலிக்காவின் எதிர்ப்புறம் உள்ள புனித கத்தரீனாள் பேராலயத்துக்குப் பவனியாகக் கொண்டு செல்லப்படுகிறது. முன்பு போலத் தொடவோ முத்தமிடவோ இயலாது.

பழைய ஐயம் முற்றிலும் ஓயவில்லை. அது இலங்கையைச் சேர்ந்த பௌத்தத் துறவி ஒருவரின் உடல் என்ற கருத்து அவ்வப்போது தலைதூக்குகிறது. 2024 காட்சிக்குச் சில வாரங்களுக்கு முன், உடலை மரபணுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று ஒருவர் பேசியது கோவாவில் சாலை மறியலுக்கும் காவல்துறை வழக்குக்கும் இட்டுச் சென்றது.

சவேரியாரைப் பற்றிய மற்றொரு விவாதம் ஆவணச் சான்று உடையது. கோவாவில் மத விசாரணை மன்றம் அமைக்க வேண்டும் என்று 1546இல் அவர் போர்ச்சுகல் மன்னருக்குக் கடிதம் எழுதினார். மன்றம் அமைந்தது 1560இல், அதாவது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அதன் கொடுமைகளுக்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடிதம் எழுதியதை எவரும் மறுப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில், திருநாள் வரிசையில் இந்துக் குடும்பங்களும் நிற்கின்றன என்பது கோவாவை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

நவநாளும் சந்தையும்

திருநாளுக்கு முன் நவம்பர் 24 முதல் டிசம்பர் 2 வரை ஒன்பது நாள்கள் நவநாள் வழிபாடு நடைபெறும். அதிகாலை தொடங்கி மாலை வரை, பெரும்பாலும் கொங்கணியிலும் சில வேளைகளில் பிற மொழிகளிலும், திருப்பலிகள் அடுத்தடுத்து நிறைவேற்றப்படும். கூட்டம் பசிலிக்காவுக்குள் அடங்காது என்பதால் வளாகத்தில் பந்தல் அமைக்கப்படும். திருநாளன்று ஆடம்பரக் கூட்டுத் திருப்பலி நடைபெறும். கர்நாடகத்தின் பெலகாவி, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் பகுதிகளிலிருந்து பல நாள் பாதயாத்திரையாக வருவோரும் உண்டு. மெழுகுவர்த்தியுடன், நோயுற்ற உறுப்பின் வடிவில் வார்த்த மெழுகு உருவங்களும் காணிக்கையாகச் செலுத்தப்படுகின்றன.

வழிபாட்டைவிடச் சந்தைக்காகவே வருவோரும் இருக்கின்றனர். துணி, பாத்திரம், மரச்சாமான் கடைகளுக்கு நடுவே, கடலை மாவில் பொரித்து, இஞ்சி சேர்த்த வெல்லப்பாகில் புரட்டிய ‘காஜே’ குவியல்களைக் காணலாம். புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டம் இல்லாமல் கோவாவில் எந்தத் திருவிழாவும் இல்லை. பனாஜியிலிருந்து பழைய கோவா சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது, கொங்கண் ரயில்வேயின் கர்மலி நிலையம் அதற்கு மிக அருகில் இருக்கிறது.

தமிழகத்தில் இதே நாள்

சவேரியார் தமிழ்நாட்டுக்கும் அந்நியர் அல்லர். 1542 இறுதியில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும் மறைக்கல்வி பெறாதிருந்த பரதவர்களிடையே பணியாற்றினார். அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து கற்பித்ததை அவரது கடிதங்கள் தெரிவிக்கின்றன. மணப்பாட்டில் அவர் தங்கியதாகக் கருதப்படும் குகை உள்ளது. நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தின் பத்து நாள் திருவிழாவும் டிசம்பர் 3 அன்றே நிறைவுறுகிறது. அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அளிப்பது வழக்கம்.

கவலைக்குரிய சுவர்கள்

பழைய கோவாவில் இப்போது அதிகம் பேசப்படுவது உடலைக் காட்டிலும் அதைக் காக்கும் கட்டடம் குறித்தே. 1605இல் அருட்பொழிவு செய்யப்பட்ட பசிலிக்கா, 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த கோவா தேவாலயங்களுள் ஒன்று. இதன் சுவர்கள் பெரும்பாலும் செம்புரைக்கல்லால் ஆனவை. நுண்துளைகள் நிறைந்த இக்கல் மழைநீரை எளிதில் உறிஞ்சும். அதனால்தான் கட்டியவர்கள் வெளிப்புறம் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சு பூசியிருந்தனர். 1950களில் போர்ச்சுகீசிய நிர்வாகம், பழமைத் தோற்றம் தரும் என்று கருதி அப்பூச்சை அகற்றியது. சுற்றுலாப் படங்களில் இன்று நாம் காணும் செந்நிற முகப்பு அவ்வாறு வந்ததே. பசிலிக்காவின் தொன்மையான தோற்றம் வெண்மை.

அன்று முதல் கோவாவின் கடும் பருவமழை சுவர்களை அரித்து வருகிறது. மீண்டும் சுண்ணாம்புப் பூச்சு இட வேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர். பழகிப்போன செந்நிறத்தை இழக்க மனமில்லாதோரும் உள்ளனர். நினைவுச்சின்னம் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால், பூச்சு இடுவதற்கு அத்துறையின் அனுமதி தேவை.