கதிரையின் கதை

‘வாங்கோ, இருங்கோ.’ எங்கட ஆக்களின் வீட்டுக்குப் போனால் வாசலில் முதலில் கேட்கும் சொற்கள் இவை இரண்டுந்தான். தேத்தண்ணி, பலகாரம் எல்லாம் அதற்குப் பிறகு. ‘இரு’ என்ற சொல்லுக்குத் தமிழில் உட்காருவதும் பொருள், உயிரோடு வாழ்வதும் பொருள். ஒருவருக்கு இருக்க இடம் கொடுப்பது என்றால் ஆசனம் கொடுப்பதும் அதுதான், வாழ வழி விடுவதும் அதுதான். ஊரை விட்டு வந்த எங்களுக்கு இந்தச் சொல்லின் பாரம் நன்றாகத் தெரியும்.

இந்தச் சித்திரைப் புத்தாண்டு மலரில் அரசர்களின் வரலாற்றை எழுத நான் வரவில்லை. வீட்டுக்குள் கிடக்கும் மரச்சாமான்களுக்கும் ஒரு வரலாறு இருக்குது. கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, கட்டில், பெட்டகம் என்று நாங்கள் நாளாந்தம் புழங்கும் இந்தச் சாமான்களை ஆர் செய்தார்கள், எந்த மரத்தில் செய்தார்கள், அதில் ஆர் இருந்தார்கள், ஆரை இருக்க விடவில்லை என்று பார்த்தால் எங்கட சமூகத்தின் கதை முழுக்க அதற்குள் தெரியும்.

கட்டில் எங்கட சொல்

கட்டில் பழைய தமிழ்ச் சொல். சங்க காலத்தில் அரசன் வீற்றிருக்கும் ஆசனத்தையும் அரசுகட்டில் என்றுதான் சொன்னார்கள். மோசிகீரனார் கதை பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். களைத்து வந்த புலவர், வீரமுரசு வைக்கிற கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறி நித்திரையாகிவிட்டார். வேறொருவர் ஏறினால் தலை போகக்கூடிய கட்டில் அது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் சாமரத்தை எடுத்துப் புலவருக்கு விசிறினான். புறநானூற்றின் 50ஆவது பாட்டில் புலவரே இதைச் சொல்கிறார். ‘இந்த ஆசனத்தில் ஆர் இருக்கலாம்?’ என்ற கேள்வி அந்தக் காலத்திலேயே எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சாதாரண சனத்துக்குத் திண்ணையும் பனையோலைப் பாயும் மணைப்பலகையும் போதுமாக இருந்தன. நிலத்தில் இருந்து சாப்பிட்டார்கள், பாயில் படுத்தார்கள். சாமான் குறைவு. உடுப்பு, நகை, காணி உறுதி எல்லாம் வைத்துப் பூட்ட வசதியுள்ள வீடுகளில் ஒரு மரப் பெட்டகம் இருந்தது.

பறங்கி விட்டுப்போன பெயர்கள்

1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் ஆண்டது வெறும் 39 வருடங்கள். ஆனால் எங்கட வீட்டு அறைக்குள் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கதிரை என்பது அவர்களின் ‘கதெய்ரா’. மேசை ‘மேசா’. அலுமாரி ‘அர்மாரியோ’. வாங்கு ‘பாங்கோ’. யன்னல் ‘ஜனேலா’. தமிழ்நாட்டில் நாற்காலி என்று சொல்வதை நாங்கள் கதிரை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு புதினம் இருக்குது. மொன்றியலில் பிரெஞ்சு படித்த எங்கட பிள்ளைகள் அலுமாரியை ‘அர்முவார்’ என்கிறார்கள். அதற்கும் அலுமாரிக்கும் தாய் ஒன்றுதான். ஆயுதம் வைக்கிற இடத்துக்கு இலத்தீன் மொழியில் இருந்த பெயர் இரண்டு வழியாகப் பிரிந்து, ஒன்று யாழ்ப்பாணத்துக்கும் மற்றது கியூபெக்குக்கும் வந்திருக்கிறது. கதிரையும் பிரெஞ்சு ‘ஷேஸ்’சும் அப்படித்தான். ஆயர்மார் இருந்து போதிக்கிற ஆசனத்துக்கு இருந்த பழைய பெயரில் இருந்து பிறந்தவை இரண்டும். அதிகாரத்துக்கு அடிபடுகிறவர்களைப் பார்த்து ‘கதிரைக்குச் சண்டை பிடிக்கினம்’ என்று எங்கட பெரியவர்கள் சொல்வது சொல்லின் வேருக்கும் சரியாகத்தான் பொருந்துகிறது.

எல்லாம் ஒரே பக்கமாக வந்துவிடவில்லை. தேக்கு என்ற எங்கட பக்கத்துச் சொல் மலையாளக் கரையில் இருந்து போர்த்துக்கேயர் வாய்வழியாகக் கப்பலேறி, ஆங்கிலத்தில் ‘ரீக்’ ஆகவும் பிரெஞ்சில் ‘தெக்’ ஆகவும் இருக்கிறது.

மரமும் கையும்

பெயர் அவர்களுடையதாக இருந்தாலும் கை எங்கட தச்சர்களின் கை. ஒல்லாந்தர் காலத்தில் கருங்காலியிலும் முதிரையிலும் செய்த கதிரைகளும் பெட்டகங்களும் இலங்கைக்கு வெளியிலும் பெயர் பெற்றன. தெற்கே மொறட்டுவை தளபாட வேலைக்குப் பெயர் போன ஊர். வடக்கில் ஒவ்வொரு ஊரிலும் தச்சுப் பட்டறை இருந்தது. வீட்டுக்குச் சாமான் வேண்டுமென்றால் கடைக்குப் போகிற வழக்கம் பின்னால் வந்தது. முதலில் வளவில் நிற்கும் மரத்தைப் பார்ப்பார்கள்.

வேம்பில் செய்தால் கறையான் லேசில் அரிக்காது. பலா மரம் மஞ்சளாக இருந்து காலம் போகப் போகச் சிவந்து வரும், கதவுக்கும் கட்டிலுக்கும் நல்லது. வன்னிக் காட்டில் இருந்து வந்த முதிரையும் பாலையும் இரும்பு மாதிரி. முற்றின பனையின் கறுப்பு வயிரம் கூரைக்கு வளையாகவும் சிலாகையாகவும் போனது. பனை மரம் யாழ்ப்பாணத்தில் இருந்து ஏற்றுமதியும் செய்யப்பட்டது. அரிந்த பலகையை உடனே வேலைக்கு எடுக்க மாட்டார்கள். நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காய விடுவார்கள். பிறகுதான் சீவுளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் வெளியில் வரும். ஒரு கட்டையில் துளையிட்டு மற்றதில் நாக்கு வெட்டி இறுக்கினால் இரும்பாணி இல்லாமலே கால் நூறு வருடம் நிற்கும்.

பல வீடுகளில் தச்சர் வந்து முற்றத்தில் நாட்கணக்கில் தங்கித்தான் வேலை செய்தார். வீட்டுக்காரர் பலகை பிடிப்பார், பெடியள் சீவல் பொறுக்குவார்கள். கலியாணத்துக்கு முன்னம் கட்டிலும் அலுமாரியும் இப்படித்தான் வந்தன. ஆகவே அந்தச் சாமானுக்கு ஒரு திகதி இருந்தது, ஒரு மரம் இருந்தது, ஒரு ஆள் இருந்தார்.

ஆர் இருக்கலாம்?

இதை எழுதாமல் விட்டால் வரலாறு பாதிதான். மரத்தைத் தறித்தவர், அரிந்தவர், தோளில் காவி வந்தவர் பலருக்கு அந்த வீட்டுக் கதிரையில் இருக்க அனுமதி இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே கூலி வாங்கிப் போனார்கள். ‘இருங்கோ’ என்ற சொல் எல்லாருக்கும் சொல்லப்படவில்லை.

பள்ளிக்கூடத்திலும் அதே நிலைதான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள். 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆகி, சம ஆசனம், சம போசனம் என்று குரல் கொடுத்தது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பும் வைக்கப்பட்டது. ஒரு பிள்ளை வாங்கில் இருந்து படிக்கக் கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்கள் எங்கட ஊர் ஆட்கள்தான். 1960களின் கடைசியில் தேநீர்க் கடைகளுக்குள் சமமாகப் போய் இருப்பதற்கும், 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கும் சனம் போராட வேண்டி இருந்தது. இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

போர் தின்ற மரம்

போர் வந்த பிறகு மரத்தின் வேலையே மாறிவிட்டது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. 2014இல்தான் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இடையில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றிப் பதுங்குகுழிக்கு மூடி போட்டார்கள். பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டுக் குழிக்கும் காவலரணுக்கும் போயின.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. தலைமுறையாக இருந்த பெட்டகத்தை ஆர் காவுவது? உறுதியையும் நகையையும் எடுத்துக்கொண்டு பெட்டகத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனவர்களில் பலருக்குக் கதவும் நிலையும் கூட இருக்கவில்லை. வன்னியில் 2008, 2009இல் சனம் உழவு இயந்திரத்தில் கூரைத் தகரம், கதவு, கட்டில் எல்லாம் ஏற்றிக்கொண்டு இடம் இடமாகப் போய், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு முள்ளிவாய்க்காலில் நின்றது.

கோட்-டெ-நெய்ஜில்

1983 யூலைக்குப் பிறகு எங்கட சனம் பெருமளவில் கனடாவுக்கு வரத் தொடங்கியது. 1986 ஓகஸ்ட் 11இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீனவர்கள் மீட்ட 155 தமிழர்களில் பலர் மொன்றியலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கோட்-டெ-நெய்ஜில் வான் ஹோர்ன், விக்டோரியா, பிளமொன்டன் பக்கத்துத் தொடர்மாடிகளில் ஒரு அறையில் நாலைந்து பேராக இருந்தார்கள். நிலத்தில் மெத்தை, பழப்பெட்டி மேசை.

கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் 30இல் முடியும். 1974க்கு முன்னம் இது மே முதலாம் திகதி. பிள்ளைகளின் படிப்புக் குழம்பாமல் இருக்கவே யூலை முதலாம் திகதிக்கு மாற்றினார்கள். அன்றைக்கு நகரமே வீடு மாறும். கதிரை, மேசை, தட்டுகள் எல்லாம் நடைபாதையில் கிடக்கும். எங்கட முதல் தளபாடக் கடை அந்த நடைபாதைதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மெத்தையையும் துணி போட்ட கதிரையையும் மட்டும் விட்டுவிட வேண்டும்.

இந்த மண்ணுக்கும் இது புதிதல்ல. பிரான்சில் இருந்து வந்து குடியேறிய விவசாயிகள் நீண்ட பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருந்து பைன் மரத்தில் தங்கட தளபாடத்தைத் தாங்களே செய்தார்கள். அதில் ஒன்று பகலில் வாங்காகவும் இரவில் திறந்தால் படுக்கையாகவும் இருக்கும். அதைப் ‘பிச்சைக்காரர் வாங்கு’ என்று சொல்வார்கள். ஊர் ஊராகத் திரிகிற ஏழை இரவு வந்து கதவைத் தட்டினால் படுக்க வைத்த வாங்கு அது. எங்கட திண்ணையும் வழிப்போக்கருக்குத்தானே?

மேலே மலையில் நிற்கும் சூசையப்பர் கோயிலை எடுங்கோ. சைவம், வேதம் என்று பார்க்காமல் எங்கட சனம் போகிற கோயில் அது. சூசையப்பர் ஒரு தச்சர். அந்தப் பெரிய கோயில் 1904இல் சகோதரர் அந்திரே முயற்சியில் ஒரு சின்ன மரச் சிற்றாலயமாகத்தான் தொடங்கியது. முழந்தாளில் ஏறுகிறவர்களுக்கு நடுவில் 99 மரப் படிகள் விட்டிருக்கிறார்கள். அவற்றில் எங்கட அம்மாமாரும் ஏறியிருக்கிறார்கள்.

நாங்களும் செய்யலாம்

இப்போது பெட்டிக்குள் மடித்து வரும் தளபாடம் மலிவு. இரண்டு முறை வீடு மாறினால் அதன் கதை முடிந்துவிடும். அமுக்கின மரத்தூள் தண்ணீர் பட்டால் ஊதும், கழற்றிப் பூட்டினால் ஆணி பிடிக்காது. பைன் பலகையில் நாங்களே அடித்தால் இருபது வருடம் நிற்கும். சில விசயங்கள் தெரிந்திருந்தால் போதும். கடையில் ‘இரண்டுக்கு நாலு’ என்று விற்கிற கட்டை உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். அளவு போடும்போது இதைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பலெற் பலகை எடுப்பதென்றால் ‘எச்.ரி.’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கோ. அது சூடாக்கிப் பூச்சி கொன்ற மரம். ‘எம்.பி.’ முத்திரை இருந்தால் நச்சுவாயு அடித்தது, வீட்டுக்கு வேண்டாம். இங்கே பனிக்காலத்தில் ஹீற்றர் சூட்டில் மரம் சுருங்கும், கோடையில் ஊதும். ஆகவே அகலமான மேசைப் பலகையைச் சட்டத்தோடு ஒரேயடியாகப் பசை போட்டு ஒட்டாமல், கொஞ்சம் அசைய இடம் விட்டுப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வெடிக்கும்.

எங்கட தொழிற்சாலையில் கழித்த பலெற் பலகையைப் பொறுப்பாளரிடம் கேட்டு எடுத்து, நாலு பேர் இருக்கிற அளவுக்கு ஒரு வாங்கு அடித்தேன். மகள் அதைப் ‘பாங்’ என்கிறாள். என்ர அம்மா ‘வாங்கு’ என்கிறா. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லுகினம். பிரெஞ்சும் போர்த்துக்கேயமும் ஒரே இடத்தில் இருந்து எடுத்த சொல் அது. அதைச் சொன்ன நாளில் இருந்து இருவருக்கும் கதைக்க ஒரு கதை கிடைத்துவிட்டது.

அதியமான் வாசலில் காக்க வைக்கப்பட்ட ஔவையார், கலை தெரிந்தவர்களைத் தச்சனின் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டார். கோடரியோடு காட்டுக்குப் போகிற அந்தப் பிள்ளைகள் எந்தத் திசையில் போனாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. எங்கட காடு பனி மூடிய காடாகிவிட்டது. கையில் உள்ள வேலை மறக்காமல் இருந்தால் போதும்.

எங்கட சங்கத்திலும் அயலிலும் ஊரில் தச்சு வேலை செய்த ஐயாமார் இருக்கிறார்கள். சீவுளி பிடித்த கை இப்போது நடுங்குகிறது, ஆனால் எந்த மரம் எப்படி நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தப் புத்தாண்டில் அவர்களைப் போய்ப் பாருங்கோ. விட்டுவந்த வீட்டில் என்ன கட்டில் இருந்தது, எந்த மரத்தில் செய்தது, ஆர் செய்தது என்று கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கோ. தச்சரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கோ. அவர் அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்தாரா என்றும் கேளுங்கோ.

எல்லா வீடுகளிலும் எல்லாருக்கும் இருக்க இடம் உள்ள புத்தாண்டாக இது அமையட்டும். அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.