நீதிமன்றக் கட்டணம்

உரிமையியல் வழக்குத் தொடுப்பவர், தம் குறையை நீதிபதி கேட்பதற்கு முன்பே அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை நீதிமன்றக் கட்டணம். பணம் வரவேண்டும் என்று போடும் வழக்கில், கோரும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று அது கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் 7.5 விழுக்காடாக இருந்த இந்த வீதம் 2017இல் 3 விழுக்காடானது. கைமாற்றாகக் கொடுத்த 5 லட்சம் ரூபாயைத் திரும்பக் கேட்பவர் முன்பு 37,500 ரூபாய் கட்டினார். இந்தக் குறைப்புக்குப் பின் 15,000 ரூபாய். கட்டணம் சேராத பிராதுக்கு எண் கிடைக்காது, எதிராளிக்குச் சம்மனும் போகாது. வக்கீல் ஃபீஸ், நகல் செலவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகும் நாள்கூலி எல்லாம் இதற்கு மேல்.

பொய் வழக்குகளைத் தடுக்கவே கட்டணம் என்பது பழைய வாதம். வங்காளத்தில் 1795இல் கட்டணம் விதித்த ஒழுங்குமுறையே அப்படித்தான் சொன்னது. பின்னாளில் பிரிட்டிஷ் இந்திய அரசின் சட்ட உறுப்பினராக இருந்த மெக்காலே அதைக் கடுமையாகச் சாடினார். அவர் சாடியது சரிதான். கட்டணம் வழக்கின் உண்மையை அளப்பதில்லை, வழக்காடுபவரின் கையிருப்பை அளக்கிறது. பணமுள்ளவர் பொய் வழக்கையும் போடுவார். இல்லாதவர் நியாயமான வழக்கையும் விட்டுவிடுவார். இதற்கு பிரிட்டனில் சான்று உண்டு. அங்கே தொழிலாளர் தீர்ப்பாயங்களில் 2013இல் 1,200 பவுண்டு வரை கட்டணம் விதிக்கப்பட்டதும் வழக்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. வடிகட்டப்பட்டவை பொய் வழக்குகள் என்றால், எஞ்சியவற்றில் வெற்றி விகிதம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்கட்டணத்தைச் சட்டவிரோதம் என்று நீக்கியது.

நீதிமன்றம் நடத்தச் செலவாகிறதே என்பார்கள். ஆகிறதுதான். ஆனால் ஒரு தீர்ப்பின் பயன் வழக்காடியவரோடு நிற்பதில்லை. கடனைத் திருப்பித் தராவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்ற அச்சம், படி ஏறாதவர்களுக்கும் காப்பு. அதன் முழுச் செலவையும் படி ஏறியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை கிடைக்குமே என்பதும் ஏழைக்கு உதவாது. அது வழக்கின் முடிவில் வருவது, கட்டணமோ தொடக்கத்திலேயே வேண்டும்.

வறியவருக்கு விலக்கு உண்டே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளைப்படி, கட்டணம் செலுத்த வசதியில்லாதவர் கட்டாமலே வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கலாம். அதற்குச் சொத்துப் பட்டியல் தர வேண்டும். அரசு வழக்கறிஞருக்கும் எதிராளிக்கும் அறிவிப்புப் போய் விசாரணை நடக்கும். அனுமதி கிடைத்தாலும் கட்டணம் தள்ளுபடியாவதில்லை, தள்ளிப்போகிறது. ஜெயித்தால் வழக்குப் பொருளின் மீது அரசுக்கே முதல் பாத்தியதை. தோற்றால், வறியவர் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட அவரைத்தான் அந்தக் கட்டணத்தைக் கட்டச் சொல்கிறது சட்டம்.