மின்கட்டணமும் சட்டக் கல்வியும்

ஆற்றல் சட்டம் என்னும் துறை இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனிப்பாடமாகப் பயிலப்படுகிறது. அதன் வேர்களுள் ஒன்று அமெரிக்க நாட்டில் எழுந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஓர் ஊருக்கு ஒரே நிறுவனம் மின்சாரம் வழங்குமாயின், அதன் விலையை வரையறுப்பவர் யார்? போட்டியில்லாத இடத்தில் சந்தை விலை என்பதே இல்லை அன்றோ!

இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஜான் காமன்ஸ். அவர் வரைந்த சட்டம் 1907-இல் அம்மாநிலத்தில் நிறைவேறிற்று. மின்சாரம், எரிவாயு முதலியவற்றின் கட்டணத்தை ஆராய்ந்து வகுக்கும் அதிகாரம் மாநில ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனங்கள் யாவும் இத்தகைய கட்டுப்பாட்டை வெறுத்தன என்று எண்ணிவிடலாகாது. சிகாகோ மின்தொழிலதிபர் சாமுவேல் இன்சல் 1898-லேயே மாநிலக் கட்டுப்பாட்டை வேண்டிப் பேசியிருந்தார்.

சிக்கல் நீதிமன்றத்தில் இருந்தது. அதே 1898-இல், நெப்ராஸ்கா ரயில் கட்டண வழக்கில், நிறுவனத்தின் உடைமைக்குரிய 'நியாய மதிப்பின்' மீது தக்க வருவாய் கிடைத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாய மதிப்பு யாது? முன்பு போட்ட முதலா, அதனையே இன்று மீண்டும் அமைக்க ஆகும் செலவா? அன்று விலைவாசி வீழ்ந்திருந்தமையால், இன்றைய செலவையே கொள்க என மாநிலத் தரப்பு வாதிட்டது. முதல் உலகப்போருக்குப் பின் விலைவாசி ஏறவே, அதே வாதத்தை நிறுவனங்கள் கையிலெடுத்துக்கொண்டன! மேலும், கட்டணம் உயர்ந்தால் உடைமையின் சந்தை மதிப்பும் உயரும். அம்மதிப்பைக் கொண்டே கட்டணத்தை அளக்க முயல்வது செக்குமாட்டின் நடையே. உண்மையில் முதலிட்ட தொகையையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என நீதிபதி பிராண்டைஸ் 1923-இல் தனித்தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மையோர் ஏற்கவில்லை.

நீதிமன்றம் ஏற்காததை வகுப்பறை ஏற்றது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் பொதுப்பயன் நிறுவனச் சட்டத்தைக் கற்பித்தார். ஒரே வழக்கை நாட்கணக்கில் அலசுவது அவர் வழக்கம். 'மாதத்துக்கு ஒரு வழக்கு' என்று மாணவர் கேலி செய்ததுண்டு. 1923-இல் அக்கல்லூரியில் தேறிய டேவிட் லிலியன்தால், 1931-இல் விஸ்கான்சின் ஆணைக்குழுவிலும், 1933-இல் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆட்சியகத்திலும் அமர்ந்தார். இன்சலின் பெருங்குழுமம் 1932-இல் சரிந்தபின், அத்தகைய பிடிப்பு நிறுவனங்களை அடக்க 1935-இல் பிறந்த சட்டத்தை வரைந்த கோகன், கார்கரன் இருவரும் பிராங்க்பர்ட்டரின் மாணவர்களே. அச்சட்டம் 2005-இல்தான் நீக்கப்பட்டது.

1939-இல் பிராங்க்பர்ட்டரே உச்ச நீதிபதியானார். 1944-இல் ஹோப் எரிவாயு நிறுவன வழக்கு வந்தது. தன் உடைமையை மீண்டும் அமைக்க 9 கோடியே 70 இலட்சம் டாலர் ஆகும் என்றது நிறுவனம். கூட்டரசு ஆணைக்குழுவோ 3 கோடியே 37 இலட்சத்தையே கட்டணத்துக்கு அடிப்படையாகக் கொண்டது. கணக்கிடும் முறை எதுவாயினும் முடிவு நியாயமாயிருத்தலே போதும் என்று நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. 1898-ஆம் ஆண்டு அளவுகோலின் ஆதிக்கம் அன்றோடு தீர்ந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய டக்ளஸ் முன்னாள் சட்டப் பேராசிரியர். பழைய அளவுகோலை வகுப்பறையில் பல்லாண்டு குறைகூறிய பிராங்க்பர்ட்டரோ அத்தீர்ப்பில் சேரவில்லை. பொதுநலனை ஆணைக்குழு எவ்வாறு எடைபோட்டது என்பது தெளிவாக விளக்கப்படவில்லை என்று அவர் மாறுபட்டு எழுதினார்.