நூலகத்திலிருந்து வேண்டிய ஆவணங்களை மட்டும் தரவிறக்குவது எப்படி?

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிந்தது. இரண்டு வருடங்களில், 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த வீடுகளில் இருந்த நூல்களையும் படங்களையும் யாரும் எண்ணி வைக்கவில்லை.

2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் வழங்கியில் இருப்பது வழங்கியில்தான் இருக்கிறது. நம் கையில் ஒரு பிரதி இருப்பது வேறு.

ஜிந்துப்பிட்டியில் வாடகை அறையொன்றில், கைபேசி டேட்டாவில் கணனியை ஓட்டுபவருக்கு முழுத் தளமும் தேவையில்லை. தன் ஊர் மலர், தந்தை படித்த பாடசாலையின் ஆண்டு மலர், 1983 பற்றிய சில நூல்கள் போதும். ஐந்து ஆவணம் என்றால் கையாலேயே எடுக்கலாம். ஐம்பது என்றால் ஒரு சிறு நிரல் தேவை.

இதற்கு டபிள்யூகெட் என்ற இலவசக் கருவி உண்டு. 1996 இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பலர் செய்யும் தவறு, தளத்தின் முகவரியைக் கொடுத்து 'இணைப்புகளைத் தொடர்ந்து போ' என்று ஏவிவிடுவது. நூலகம் மீடியாவிக்கியில் இயங்கும் தளம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தொகுத்தல் பக்கம், வரலாற்றுப் பக்கம், பழைய பதிப்புகள் என்று கிளை பிரியும். கருவி அவற்றுக்குள் புகுந்தால் நூல் ஒன்றும் வராது, டேட்டா மட்டும் தீரும். வழங்கிக்கும் வீண் சுமை.

பட்டியலிலிருந்து தொடங்குங்கள். நூலகத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு; கோப்புகள் நூறு நூறாகப் பிரித்த கோப்புறைகளில் அந்த எண்ணின் பெயரிலேயே கிடக்கின்றன. வேண்டிய பக்கங்களைத் திறந்து, பிடிஎஃப் இணைப்புகளை மட்டும் ஒரு எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். அந்தப் பட்டியலைக் கருவியிடம் கொடுக்கும் தெரிவு ஆங்கில 'ஐ' எழுத்து. பாதியில் நின்றதை நின்ற இடத்திலிருந்து தொடரச் செய்வது 'சி'. மின்சாரமோ இணைப்போ போகும் இடங்களில் இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இரண்டு கோப்புகளுக்கு இடையில் பத்து விநாடி காத்திருக்கச் சொல்லுங்கள், வேகத்துக்கும் எல்லை வையுங்கள். நன்கொடையில் நடக்கும் தளத்துக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

வந்தவற்றைத் திறந்து பாருங்கள். கேர்ள் போன்ற கருவிகள், கோப்பு இல்லையென்று வழங்கி அனுப்பும் அறிவித்தலையும் பிடிஎஃப் என்ற பெயரிலேயே சேமித்துவிடும். சில கிலோபைட் மட்டுமே உள்ள 'நூல்' பெரும்பாலும் அதுதான். எண்ணை மட்டும் பெயராகக் கொண்ட கோப்பு ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது. தலைப்பு, ஆண்டு, ஆவண எண் மூன்றையும் பட்டியலில் எழுதி, அதையும் கோப்புகளோடு வையுங்கள்.

பதிப்புரிமை ஆசிரியர்களுடையது. எடுத்ததை வாசிக்கலாம், வேறு தளத்தில் ஏற்றக்கூடாது. காணாமல் போனோர், கொல்லப்பட்டோர் பெயர்கள் உள்ள ஆவணங்களைப் பொதுக் கணனியிலோ கடைக் கணனியிலோ விட்டு வராதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.