மெச்சிய ஏடும் மூடிய பக்கமும்

புகழ்பெற்ற நூலொன்றைக் கையிலெடுக்கிறான் ஓர் இளைஞன். முகப்பிலே பரிசின் பெயர்; பின்னட்டையிலே பாராட்டு; முன்னுரையிலே பேரறிஞர் ஒருவரின் வாழ்த்து. பத்துப் பக்கம் படிக்கிறான். இருபது படிக்கிறான். முப்பதாம் பக்கத்திலே கொட்டாவி வருகிறது. ஏட்டை மூடுகிறான். மூடியவன் என்ன எண்ணுகிறான்? நூலிலே குறை என்றா? இல்லை. தன் அறிவிலே குறை என்று!

கோயிலுக்குச் சென்று கும்பிட்டுத் திரும்பியவனுக்கு வேண்டியது கிட்டவில்லை என்றால், "என் பக்தி போதவில்லை" என்று தன்னையே நொந்துகொள்கிறான். சிலையைக் கேள்வி கேட்க அவனுக்கு நா எழுவதில்லை. சிலையைக் கேட்கத் துணிந்த நாம், ஏட்டைக் கேட்க மட்டும் ஏன் அஞ்சிட வேண்டும்? புகழ்ந்தோர் யார், எதற்காகப் புகழ்ந்தனர் என்று வரலாற்றிலே தேடிப் பார்த்தால், அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லை என்பது தெரியவரும். தேடிட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலாற்றங்கரையே போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை - தோலால் பெயர் பெற்ற ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளிலே தோல் பதமாகிக் கப்பலேறியது. தொட்டியில் இறங்கி நின்றவனின் காலும் கையும் சுண்ணாம்பிலே வெந்தன. அவன் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கற்ற மகனோ மகளோ, பள்ளி ஆண்டுவிழாவிலே பரிசாகப் பெறும் நூல்தான் அந்த வீட்டின் முதல் ஏடு. அந்த ஏடு சுவைக்கவில்லை என்றால் இழப்பு ஒரு நூலோடு நிற்பதில்லை. "படிப்பு நம்மவர்க்கு ஒத்துவராது" என்று ஊர் சொல்லிவந்த பொய்க்கு அந்த ஏடே சான்றாகிவிடுகிறது.

இதே வட ஆர்க்காட்டு மண்தான், ஒரு காலத்தில் தமிழகம் முழுவதும் கொண்டாடப்பட்ட நாவலாசிரியர் ஒருவரைத் தந்தது. ஆரணி குப்புசாமி முதலியார்! நாகவேடு முனிசாமி முதலியார் 1915-இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக விளங்கியவர். நாகவேடு அரக்கோணத்தை அடுத்த சிற்றூர். ஆக, இதழை நடத்தியவரும் எழுதியவரும் நம் வட்டாரத்தவரே. 'இரத்தினபுரி இரகசியம்' பாகம் பாகமாக வந்தது. படிப்போர் அடுத்த பாகத்திற்குக் காத்துக் கிடந்தனர்.

கதையின் ஊற்று எது? இங்கிலாந்தின் ரெயினால்ட்ஸ். காசுக்கு ஓர் இதழ் என்று இலண்டனின் மர்மங்களை விற்றவர். பிரபுக்களின் மாளிகையிலே நடக்கும் கயமையை ஏழைக்கு எடுத்துக் காட்டியவர். தொழிலாளர்க்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தின் மேடையிலும் முழங்கியவர். தமிழுக்கு அவர் வந்தபோது சுரங்க வழியும் மறைகதவும் மாறுவேடமும் வந்து சேர்ந்தன. மேடை முழக்கம் கடலிலேயே தங்கிவிட்டது. தழுவியவர் ஆரணியார் ஒருவர் மட்டுமல்லர். தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகளே 1911-இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்று ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தமிழ்ப்படுத்தினார். அடிகளின் நடையழகு அதற்கு உண்டு. ஆனால் நாகநாட்டரசியை இன்று யார் தேடிப் படிக்கின்றனர்? பின்னாளில் தழுவல் என்னும் வேலையையே புதுமைப்பித்தன் கடுமையாகச் சாடினார். அந்தப் புதுமைப்பித்தன் 1948-இல் வறுமையிலும் நோயிலும் மாண்டபோது, இரகசியங்களை விற்ற கூட்டத்தின் விளம்பரத்திலே பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கிட்டியிருக்கவில்லை.

ரெயினால்ட்ஸ் இறந்த 1879-ஆம் ஆண்டிலேதான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று பாடப்புத்தகம் தோறும் அதைக் குறிப்பிடுகின்றனர். வேதநாயகர் பெண் கல்விக்காகப் பேசியவர். அவர் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கதை நடுவே கிளைக்கதை, கிளைக்கதை நடுவே நீதியுரை என்று செல்லும் அந்நூலை விரும்பி முடித்தவரைவிட, தேர்வுக்காக அதன் பெயரை மனப்பாடம் செய்தவரே மிகுதி. முதலாவது என்பது காலக் கணக்கு. சுவைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இனி நாம் கூறப்போவது நம்மவரில் சிலருக்குக் கசக்கும். ஏனெனில், பேசப்போவது டாக்டர் மு. வரதராசனாரைப் பற்றி.

1912-இல் பிறந்த மு.வ., வாலாஜா பக்கத்து வேலம் என்னும் சிற்றூரின் பிள்ளை. திருப்பத்தூரிலே படித்தவர், அங்கே தாலுகா அலுவலகத்திலே எழுத்தராக இருந்தவர், தாமே பயின்று வித்துவான் தேர்விலே முதன்மை பெற்று, அதே ஊர்ப் பள்ளியிலே ஆசிரியரானவர். பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம். 1971 முதல் 1974-இல் மறையும் வரை மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். எழுத்தர் நாற்காலியிலிருந்து துணைவேந்தர் நாற்காலிக்கு உழைப்பால் ஏறியவரை எண்ணி வட ஆர்க்காட்டு இளைஞன் நெஞ்சு நிமிர்வது இயல்பே. வடசொற் பெருக்கிலே மூச்சுத் திணறிய உரைநடையைத் தெளிந்த தமிழுக்குக் கொணர்ந்தவரிலே அவருக்கு இடம் உண்டு. அவரது திருக்குறள் தெளிவுரை புலவர் வீட்டுக் குறளைத் தொழிலாளியின் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது. இந்த ஒன்றுக்காகவே தமிழகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அவருடைய நாவல்கள்? 1946-இல் 'செந்தாமரை' தொடங்கி 'கள்ளோ காவியமோ', 'கரித்துண்டு', 'அகல் விளக்கு' என்று வரிசையாக வந்தன. திருமண வீடுகளிலே மணமக்களுக்குப் பரிசு மு.வ. நூல், கல்லூரியிலே பாடம் மு.வ. நூல். நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க வேண்டுமானால் மு.வ. படித்ததாகச் சொன்னால் போதும் என்று ஒரு காலம் இருந்தது. 1958-இல் வெளிவந்த 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதமிப் பரிசையும் பெற்றது.

அந்நாவலின் களம் நம் வாலாஜாப்பேட்டை. இரு நண்பர்கள். ஒருவன் சந்திரன் - அழகும் அறிவும் வாய்ந்து மின்னல் போல் பளிச்சிடுபவன். மற்றவன் வேலய்யன் - அடங்கிய, அமைதியான, அகல் விளக்குப் போன்றவன். மின்னல் கெட்டழிகிறது; அகல் நின்று எரிகிறது. இவ்வளவுதான் சட்டகம். முதல் சில இயல்களிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. எஞ்சிய பக்கங்களிலே மாந்தர் ஒருவருக்கொருவர் அறிவுரை வழங்குகின்றனர். வாழ்வைப் பற்றிப் பேசுகின்றனர், பேசுகின்றனர், மேலும் பேசுகின்றனர். உயிருள்ள ஆண்களும் பெண்களும் நம் முன்னே நடமாட வேண்டிய இடத்தில், வகுப்பறையின் மேசையும் நாற்காலியும்தான் தென்படுகின்றன. இளைஞனுக்குக் கொட்டாவி வந்தது அங்கேதான். அது அவன் குற்றமா?

கொட்டாவியோடு போயிருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். கதையின் முடிவைப் பாருங்கள். நெறி தவறிய சந்திரனுக்குத் தொழுநோய், பிறகு சாவு. நோய் என்பது தண்டனை என்று ஆசிரியர் வெளிப்படச் சொன்னாரா என்பது கேள்வியன்று. நல்லவன் வாழ, கெட்டவன் கையும் காலும் குறைந்து மாள, கதையின் கட்டுமானமே அதைச் சொல்லிவிடுகிறது. கர்ம வினை என்ற பெயர் மட்டும்தான் இல்லை!

நூல் வெளிவந்த ஆண்டை மீண்டும் நினைவிற் கொள்க: 1958. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டறிந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையிலே காக்ரேன் 1940-களிலேயே சல்போன் மருந்தால் நோயாளரைத் தேற்றத் தொடங்கிவிட்டார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கி மரத்துப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். நோய் சதையைத் தின்பதால் விரல் உதிர்வதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தது. உணர்ச்சி போன விரல் சூட்டை அறியாது, வெட்டை அறியாது. அந்தக் காயங்களே விரலை அழிக்கின்றன என்று அவர் காட்டினார். காலுக்கும் அதே கதைதான். ஆகவே மரத்த பாதம் புண்ணாகாமல் காக்க மென்மையான ரப்பர் அடிவைத்த செருப்புகளைச் செய்வித்தார். 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியிலே தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. அங்கும் செருப்புத் தைக்கும் பட்டறை ஒன்று இயங்கியது.

எண்ணிப் பாருங்கள். உலகின் காலுக்குத் தோல் பதனிட்டு அனுப்பும் பாலாற்றங்கரை. அங்கேயே நோயாளியின் பாதத்திற்கேற்ற செருப்பைத் தைத்துக்கொண்டு, "இது பாவமன்று, நோய்; தீரும், எழுந்து நட" என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தனர். அதே மண்ணைக் களமாகக் கொண்டு, அதே ஆண்டுகளில் எழுந்த நாவலோ தொழுநோயைக் கெட்டவனுக்குரிய முடிவாக வைத்தது. பரிசளித்தோர் கண்ணிலே இது பட்டதாகத் தெரியவில்லை. மணமக்களுக்கு வாங்கித் தந்தோர் கண்ணிலும் படவில்லை. ஒழுக்கத்தைப் போதிக்கிறதா? போதிக்கிறது. போதும், மெச்சுக!

நம்மவர் மேடை மட்டும் இதற்கு விலக்கா என்று கேட்பீர்களானால், இல்லை என்றே சொல்ல வேண்டும். திருவாரூர் தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா நடித்த 'இரத்தக் கண்ணீர்', 1954-இல் திரைப்படமாகவும் வந்தது. அதிலும் நெறிகெட்ட மோகனசுந்தரத்திற்குத் தொழுநோய்தான் முடிவு. வேறுபாடு ஒன்று உண்டு. ராதாவின் நோயாளி வாய் மூடிக் கிடக்கவில்லை, சாதியையும் பணத்தையும் போலி ஒழுக்கத்தையும் குத்திக் கிழித்தான், கொட்டகை அதிர்ந்தது. சுவை இருந்தது, உயிர் இருந்தது. கருத்திலே அதே பழைய ஓட்டை. ஆகவே சுவைத்ததெல்லாம் சரி என்றும் நாம் வாதிடவில்லை. சுவையைச் சோதிப்பது போலவே கருத்தையும் சோதிக்க வேண்டும். பரிசு முத்திரை அந்த இரண்டு சோதனையையும் தடுத்துவிடுகிறது என்பதே நம் புகார்.

முத்திரையின் வரலாறும் ஒன்றும் அப்பழுக்கற்றதன்று. நோபல் பரிசு 1901-இல் தொடங்கியபோது, இலக்கியத்திற்கு முதற்பரிசு பெற்றவர் பிரெஞ்சுக் கவிஞர் சல்லி புருதோம். அப்போது டால்ஸ்டாய் உயிரோடிருந்தார். 1910-இல் இறக்கும் வரை அவருக்கு அது கிட்டவில்லை. இன்று டால்ஸ்டாயைத் தமிழிலும் படிக்கிறோம். சல்லி புருதோமை?

தோல் தொழிலாளியின் வாழ்வைப் பேசும் நாவலும் பின்னாளில் பரிசு பெற்றது. டி. செல்வராஜ் எழுதிய 'தோல்', 2010-இல் வந்து, 2012-இல் சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்றது. களம் திண்டுக்கல். தோல் கிடங்குகளிலே அடிமைப்பட்டுக் கிடந்தோர் சங்கம் கண்ட கதை. பேர்ணாம்பட்டிலிருந்து எழுதிய அழகிய பெரியவன் 2001-இல் 'தகப்பன்கொடி' தந்தார். அதிலே நிலமிழந்த ஒடுக்கப்பட்டோரின் குரல் நம் வட்டாரப் பேச்சிலேயே ஒலிக்கிறது. அதனாலேயே இவையிரண்டையும் கண்மூடி மெச்ச வேண்டும் என்று நாம் சொன்னால், திருமண வீட்டிலே மு.வ.வை வாங்கித் தந்தவரைவிட நாம் எவ்வகையில் உயர்ந்தோம்? 'தோல்' பெரிய நூல். நடுவிலே போராட்டச் செய்திகள் அடுக்கடுக்காக வந்து கதையை மறைக்கும் இடங்கள் உண்டு என்று நமக்குத் தோன்றியது. வேறொருவருக்கு அதுவே பிடித்த பகுதியாக இருக்கலாம். ஆம்பூரிலே காலணித் தொழிற்சாலைக்குப் போய்வரும் பெண்ணொருத்தி அதைப் படித்துவிட்டு என்ன சொல்வாள்? அதை அறியவே நமக்கு ஆவல்.

படிப்பகங்களிலே நூல் எடுத்தோர் பெயர் எழுதும் பேரேடு உண்டு. எந்த நாளில் எடுத்தார், எந்த நாளில் திருப்பினார் என்பது அதிலே இருக்கும். அதிலே இன்னும் ஒரு கட்டம் கோடிட்டுக் கொள்ளலாம். எந்தப் பக்கத்திலே மூடினார்? ஏன் மூடினார்? இரண்டே வரி போதும். கையெழுத்துக்கூட வேண்டாம். வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களிலே படிப்பகம் நடத்தும் தோழர்கள் ஓராண்டு இதைச் செய்து, அந்தப் பக்க எண்களைத் திரட்டி நமக்கு அனுப்பினால், இவ்விதழிலேயே வெளியிடுவோம் - எந்தப் பரிசு பெற்ற நூலானாலும், எவர் எழுதியதானாலும்.