வெற்றிடத்தில் பிறந்த கருவி

வானிலை நிலையங்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குள் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்த யோசனையின் வயது ஏறக்குறைய 380 ஆண்டுகள்.

1643-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், இயற்பியலாளர் டாரிசெல்லியின் யோசனைப்படி அவருடைய சக ஆய்வாளர் விவியானி ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்துப் பார்த்தார். இறங்கிய பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. குழாயில் அதற்கு மேலே காற்று இல்லை. வெளிக்காற்று தொட்டியை அழுத்துகிறது. குழாயின் உச்சியில் எதிர்த்து அழுத்த எதுவும் இல்லை. பாரோமீட்டர் இப்படித்தான் பிறந்தது.

ஆனால் பாதரசக் குழாய் முக்கால் மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும், கப்பலில் ஆடும், உடைந்தால் நஞ்சு. 1844-ல் பிரான்சின் லூசியன் விடி பாதரசத்தைக் கைவிட்டார். காற்றை உறிஞ்சியெடுத்த மெல்லிய உலோகப் பெட்டி ஒன்றைச் செய்தார். அழுத்தம் கூடினால் பெட்டி அமுங்கும், குறைந்தால் உப்பும். அந்த அசைவை நெம்புகோல்கள் பெரிதாக்கி முள்ளை நகர்த்தும். ஆனாலும் அதைப் படிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

முள்ளே இல்லாத சிலிக்கான் சென்சாருக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்த சார்லஸ் ஸ்மித். சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் அழுத்தினாலோ இழுத்தாலோ அவற்றின் மின்தடை, உலோகத்தில் மாறுவதைவிடப் பல மடங்கு மாறுகிறது என்று 1954-ல் அவர் எழுதினார். பிறகு சிலிக்கானை அரித்து மெல்லிய சவ்வாக்கி, அதிலேயே நான்கு மின்தடைகளைப் பதித்தார்கள். சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் மூடி முத்திரையிட்ட வெற்றிடம். காற்று அழுத்தினால் சவ்வு வளைகிறது, மின்தடை மாறுகிறது, அது மின்னழுத்த மாற்றமாக வெளியே வருகிறது.

இதை மலிவாக்கியது வானிலைத் துறை அல்ல, கார். 1970-களில் அமெரிக்கா புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியபோது, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அறிய இந்தச் சென்சார்கள் மொத்தமாகத் தேவைப்பட்டன.

ஃபின்லாந்தின் வைசாலா நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் பாரோகேப் சென்சார் 1985-ல் வந்தது. அங்கேயும் சிலிக்கான் சவ்வுதான், அதே வெற்றிடம்தான்; அளப்பது மட்டும் மின்தடையை அல்ல, மின்தேக்குத் திறனை. சவ்வு நகர்ந்தால் இரு மின்முனைகளுக்கு இடையிலான தூரம் மாறும், தேக்குத் திறனும் மாறும்.

வெப்பத்திலும் சிலிக்கானின் குணம் மாறும். அதனால் சென்சாருக்குள்ளேயே ஒரு வெப்பமானியும் உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, திருத்த எண்களை அதிலேயே எழுதிவிடுகிறார்கள். பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 சென்சார் வெறும் 2.5 மில்லிமீட்டர் நீளம்; 300 முதல் 1,100 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) வரை அளக்கும். ஒரு மீட்டர் உயர வித்தியாசம்கூட அதற்குத் தெரியும்.

வீட்டில் வானிலை நிலையம் வைத்தால் முதலில் உங்கள் இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதைக் கருவியில் பதியுங்கள். தாழ்வான பகுதிகளில் 8 மீட்டர் ஏறினாலே சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். 100 மீட்டரைச் சொல்லாமல் விட்டால், தெளிந்த வானத்தின் கீழேயும் உங்கள் கருவி தாழ்வழுத்தம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.