இண்டஸ் கிரீட்

இண்டஸ் கிரீட் என்பது 1984-ஆம் ஆண்டு பம்பாயில் ராக் மெஷின் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இந்திய ஹார்ட் ராக் இசையின் முன்னோடியாக மதிக்கப்படும் இசைக்குழு ஆகும். ஹார்ட் ராக் என்பது ஒலி பெருக்கிச் சிதைத்த மின்கிதாரையும் வன்மையான டிரம்ஸ் தாளத்தையும் உரத்த குரலையும் அடித்தளமாகக் கொண்ட இசைவகை; ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழு இதனை உலகெங்கும் பரப்பியது.

பாடகர் உதய் பெனகல், கிதார் கலைஞர் மகேஷ் தினாய்கர் ஆகியோரை உள்ளடக்கிய இக்குழு, மேலைப் பாடல்களை அப்படியே வாசிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் சொந்தப் பாடல்களை இயற்றி, 1988-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் டீப்வுட்ஸ், கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.யில் மார்டி கிரா எனத் தொடங்கி 1996-இல் சாரங் எனப் பெயர் மாறிய விழா போன்ற கல்லூரி விழாக்கள், இத்தகைய குழுக்கள் வாசித்த மேலையிசைக்கு இந்தியாவில் இளம் ரசிகர்களை உருவாக்கிய களங்களுள் சிலவாகும்.

1993-இல் இண்டஸ் கிரீட் எனப் பெயர் மாற்றிக்கொண்ட குழு, 'பிரெட்டி சைல்ட்' பாடலின் காணொளிக்கு எம்டிவி ஆசியாவின் பார்வையாளர் விருதைப் பெற்றது. எனினும், இந்தி பாப்பும் திரையிசையும் சந்தையை நிறைத்த சூழலில், 1997-இல் குழு கலைந்தது. பெனகல் நியூயார்க் சென்று வேறு குழு அமைத்தார். 2010-இல் மீண்டும் இணைந்த கலைஞர்கள் 2012-இல் 'இவால்வ்' தொகுப்பை வெளியிட்டு, சொந்தப் படைப்பே குழுவின் உயிர் என்பதை நிலைநாட்டினர்.